நோன் மாஸ்டரும் மூன்று கொழுவிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்நாளில் அதிக தடவை 'இல்லை' சொன்ன மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் நோன் மாஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கக்கூட ஆள் கிடையாது. எல்லைவேலியை ஒரு முழம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டவர்களுக்குப் பக்கத்து வளவுக்காரர் சொன்ன 'இல்லை' எல்லாவற்றையும் கூட்டினாலும் மாஸ்டரின் ஒரு கிழமைக்குக் காணாது. 'நோன்' என்றால் பிரெஞ்சில் 'இல்லை' என்று அர்த்தம். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் எங்கேயாவது இருக்கும். நான் தேடிப் பார்க்கவில்லை.

நான் அவரிடம் போனது பிரெஞ்சின் மேல் இருந்த காதலால் அல்ல, கனடாவால். கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிக்கிறவர்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். வயதுக்குப் புள்ளி, படிப்புக்குப் புள்ளி, ஆங்கிலத்துக்குப் புள்ளி. எனக்குக் கொஞ்சம் குறைந்தது. பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் பண்ணினால் அது நிரம்பும் என்று டவுனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவர் சொன்னார். போகிற இடமோ கனடாவில் தமிழர் நிறைந்த ஸ்காபரோ. அங்கே போய் நான் பிரெஞ்சு பேசினால் சொந்தக்காரரே என்னை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

என் மனைவி வசந்தி தன் தாயைக் கண்டு ஒன்பது வருடம். மாமி ஸ்காபரோவில் மூத்த மகளோடு இருக்கிறா. இரண்டு முழங்காலும் போய்விட்டது, இனி விமானம் ஏற மாட்டா. வசந்தி பார்த்துவிட்டு வரவென்று இரண்டு தடவை விசா கேட்டாள், இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். மிச்சம் இருந்தது இந்தப் புள்ளி வழி மட்டும். அதிலும் அடுத்த பிறந்தநாள் வந்தால் என் வயதுப் புள்ளி இன்னும் இறங்கும். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் காண்பது, என் வாயில் நுழையாத ஒரு மொழியின் கையில் இருந்தது.

வகுப்பு கோப்பாயில் ஒரு மிளகாய் மில்லுக்குப் பின்பக்கம். இருக்க நாலு வாங்கு, ஒரு கரும்பலகை, தும்மல். பிரெஞ்சில் மூக்கால் சொல்லுகிற சத்தங்கள் சில உண்டு. கொழும்பில் படிக்கிறவர்கள் அதற்காகக் கஷ்டப்படுகிறார்களாம். எங்களுக்கு மூக்கு ஏற்கெனவே அடைத்திருந்ததால் முதல் நாளே வந்துவிட்டது.

மாஸ்டருக்கு அறுபது தாண்டியிருக்கும். இருபது வருடத்துக்கு மேல் பாரிசில் சாப்பாட்டுக் கடைக் குசினிகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஏன் திரும்பினார் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் "அங்கை சரிவரேல்லை" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பிரான்சில் இருந்து வருகிறவர்கள் வாசனைத் திரவியமும் சொக்லேற்றும் கொண்டுவருவார்கள். இவர் இரண்டு பெட்டி நிறையப் பழைய இலக்கணப் புத்தகம் கொண்டுவந்தாராம். சுங்கத்தில் பிரித்துப் பார்த்தவர்கள் பாவப்பட்டு விட்டிருப்பார்கள்.

அவருக்குச் சொற்களில் அக்கறை இல்லை. சொற்களைக் கோக்கிற சொற்களில்தான் அக்கறை. 'இருந்தாலும்', 'ஏனென்றால்', 'அதற்காக', 'இந்த நிபந்தனையில்' என்று இரண்டு வசனத்தை ஒன்றாக்குகிற சொல் எல்லாவற்றுக்கும் அவர் வைத்த பெயர் கொழுவி, அதாவது கொக்கி.

"பாரிசிலை எங்கடை சனம் முப்பது வருசமாய் இருக்குது. ஓம், இல்லை, எவ்வளவு, நன்றி, முதலாளி. அஞ்சு சொல்லு. கொழுவி ஒண்டும் இல்லை. அதாலைதான் கோப்பை கழுவுதுகள்."

"நீங்களும் கோப்பை கழுவினனீங்கள்தானே மாஸ்டர்?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள்.

"நான் கொழுவியோடை கழுவினனான்."

பிரெஞ்சில் ஒரு தொல்லை இருக்கிறது. எந்தக் கொழுவி வருகிறதோ அதற்கேற்றபடி பின்னால் வருகிற வினைச்சொல் சட்டை மாற்ற வேண்டும். நடந்ததைச் சொல்ல ஒரு சட்டை; விருப்பம், பயம், சந்தேகம் இவற்றுக்கு வேறு சட்டை. மாஸ்டர் இவற்றுக்குக் கண்ட வினை, கனாக்கண்ட வினை என்று பெயர் வைத்திருந்தார்.

"நல்லூர்க் கோயிலிலை போய் 'பிள்ளைக்கு விசா கிடைக்கோணும்' எண்டு நேர்த்தி வைக்கிறியள். கிடைச்சிட்டுதோ? இல்லை. அது கனாக்கண்ட வினை. 'பூர் க', அதுக்காக, எண்டு வந்தால் அதுதான் பின்னாலை வரும். கிடைச்ச பிறகு காவடி எடுக்கிறியள். ஏன்? 'பார்ஸ் க', ஏனெண்டால், கிடைச்சிட்டுது. அது கண்ட வினை. விளங்கிச்சோ?"

விளங்கியது. ஆனால் 'பியான் க', அதாவது 'இருந்தாலும்', வந்தபோது குழப்பமும் கூட வந்தது.

"மாஸ்டர், 'மழை பெய்தாலும் வந்தன்' எண்டால் மழை பெய்ததுதானே? கண்ட மழைதானே? பிறகேன் கனாக்கண்ட வினை?" என்று நான் கேட்டேன்.

மாஸ்டர் முகட்டைப் பார்த்தார். "உதை நானும் இருவது வருசமாய்ப் பிரெஞ்சுக்காரனிட்டைக் கேட்டனான் தம்பி. 'அது அப்பிடித்தான்' எண்டு சொல்லிப்போட்டு இறைச்சியைப் பிரட்டினவன்."

கொழுவிப் பைத்தியம் வகுப்போடு நிற்கவில்லை. சந்தையில் மரக்கறிக்காரியிடம் போய் நிற்பார். அவள் "ஐயா, கத்தரிக்காய் வாங்குங்கோவன்" என்பாள். "நோன். ஏன் வாங்கோணும்?" என்பார். ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கினாச் சமையுங்கோ, வாங்காட்டி அங்காலை நில்லுங்கோ, நிண்டாலும் வெயிலை மறைக்காதேங்கோ!" மாஸ்டருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "கேட்டியோ தம்பி! மூண்டு கொழுவி, ஒரே மூச்சிலை!" என்று சொல்லி மூன்று கிலோ வாங்கினார். தனி மனிதர். அந்தக் கிழமை முழுக்க வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் கத்தரிக்காயோடு வீட்டுக்குப் போனோம்.

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன். பரீட்சையில் பேச்சுப் பகுதி என்று ஒன்று உண்டு. பரீட்சகர் உங்கள் நண்பர் மாதிரி நடிப்பார். நீங்கள் அவரை ஒரு காரியத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவர் மாட்டேன் என்று தடை சொல்லிக்கொண்டே இருப்பார். பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

முதல் தடவை கொழும்புக்குப் போனேன். எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மா. அவவைக் கடற்கரைக்குச் சுற்றுலா வரச் சொல்லி நான் இணங்க வைக்க வேண்டும்.

"எனக்குக் கடல் பிடிக்காதே" என்றா.

"நீங்கள் சொல்லுறது சரி அம்மா" என்றேன்.

அவ கொஞ்சம் திகைத்தா. பாவம், எனக்கு உதவி செய்யப் பார்த்தா. "ரயில் செலவும் அதிகமாச்சே?"

"ஓம் அம்மா, சரியான செலவு."

"அப்ப நான் வராமல் இருக்கிறதுதான் நல்லதோ?"

"அதுதான் நல்லது அம்மா."

இவ்வளவும் பிழையில்லாத பிரெஞ்சில். வினைச்சொல் எல்லாம் சரியான சட்டையோடு நின்றது. ஒன்றரை நிமிடத்தில் அலுவல் முடிந்தது. நான் எழும்பி நன்றி சொல்லி, கதவையும் மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? படித்த மனிசி, வயதில் மூத்தவ, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவ ஒன்றைச் சொன்னால் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லுவதா? எங்களை அப்படி வளர்க்கவில்லை. வேலை செய்கிற கந்தோரில் பெரியவர் கேட்டால் ஓம், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் ஓம், ஆஸ்பத்திரியில் டொக்டர் "நோவு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டால் நோவோடேயே ஓம்.

பெறுபேறு வந்தது. பேச்சில் படுதோல்வி. மற்றவர்கள் தோற்றால் மாஸ்டர் கத்துவார். நான் நடந்ததைச் சொன்னபோது கத்தவில்லை. சோக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தார். பிறகு, "உனக்குப் பிரெஞ்சு காணும். உந்த 'ஓம்' தான் வருத்தம். அதுக்கு வேறை மருந்து" என்றார்.

மருந்து அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் தொடங்கியது. கடைக்காரர் சின்னராசா அண்ணையிடம் வழக்கம்போலக் கேட்டேன்.

"தேத்தண்ணி இல்லை" என்றார். பின்னால் கேத்திலில் இருந்து ஆவி பறந்தது.

"சரி அண்ணை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்று நாள் தேத்தண்ணி இல்லாமல் தலையிடியோடு திரிந்தேனே தவிர, அந்த ஆவி எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பஸ்ஸில் கொண்டக்டர் பெடியன், மாஸ்டரின் பழைய மாணவன், "கோப்பாயிலை நிக்காது" என்றான். சரி என்றேன். கோப்பாயைத் தாண்டி அச்சுவேலியில் இறங்கித் திரும்பி வந்தேன். அடுத்தது சலூன். சலூன்காரர் என் வலக்கன்னத்தை வழித்து முடித்துவிட்டு, "மற்றப் பக்கம் இண்டைக்கு ஏலாது" என்று கத்தியைக் கழுவி வைத்தார். "பரவாயில்லை அண்ணை" என்று காசைக் கொடுத்து, மீதியும் வாங்கிக்கொண்டு, பாதித் தாடியோடு கந்தோருக்குப் போனேன். பெரியவர் ஏறிட்டுப் பார்த்து, "என்ன, ஏதும் நேர்த்தியோ?" என்று கேட்டார். "ஓம் சேர்" என்றேன்.

ஊர் முழுக்க மாஸ்டர் சொல்லி வைத்திருந்தார் என்பது பிறகு வசந்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்டால் முதலில் இல்லை என்று சொல்ல வேண்டும். 'இருந்தாலும்' ஒன்று, 'அதற்காக' ஒன்று, 'இந்த நிபந்தனையில்' ஒன்று, இந்த மூன்று கொழுவியும் போட்டு நான் விடாமல் கேட்டால்தான் கொடுக்க வேண்டும். தமிழில் கேட்டால் போதும். "தமிழிலை வராதது பிரெஞ்சிலை எப்பிடி வரும்?" என்றாராம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தேன். வசந்தி குசினி வாசலில் நின்று, "சோறு இல்லை" என்றாள். பருப்பு தாளித்த மணம் வாசற்படலை வரைக்கும் வந்திருந்தது.

"பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

சோற்றுக் கோப்பை டங்கென்று தலைமாட்டில் விழுந்தது. "ஐயோ, என்ன மனிசன் நீங்கள்! கேளுங்கோவன்! பசிக்குது எண்டாவது சொல்லுங்கோவன்! கட்டின மனிசியிட்டைச் சோறு கேக்க ஏலாத ஆள், எந்த வெள்ளைக்காரியிட்டைப் போய் என்னத்தைக் கேக்கப் போறியள்?" என்று கத்தினாள். பிறகு அப்படியே நிலத்தில் இருந்து அழத் தொடங்கினாள். "நேற்று அம்மா போனிலை என்னைப் பாத்து, அக்காவின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவ. அவவுக்கு முகம் மறக்குது. நான் எப்ப போய்ப் பாக்கிறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சோற்றை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை சின்னராசா அண்ணையின் கடை.

"தேத்தண்ணி இல்லை."

கால் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். "இல்லை எண்டு நீங்கள் சொன்னாலும், கேத்தில் கொதிக்குது அண்ணை. எனக்குத் தலையிடி மாறுறதுக்காக ஒரு கோப்பை ஊத்துங்கோ. சீனி போடாமல் தந்தாலும் குடிப்பன், ஆனால் ஒரு நிபந்தனை, தாற வரைக்கும் இதிலை இருந்து எழும்பமாட்டன்."

சின்னராசா அண்ணை தேத்தண்ணி ஊற்றவில்லை. முதலில் போனை எடுத்தார். "மாஸ்டர்! மாஸ்டர்! கேட்டிட்டான்!" கடையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். ஒரு கிழவர், விஷயம் என்னவென்றே தெரியாமல், எனக்குச் சாப்பிட ஒரு பணிஸ் வாங்கித் தந்தார்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. சலூனில் அரை மணித்தியாலம் வாதாடி இரண்டு கன்னமும் வழித்துக்கொண்டேன். மாஸ்டரோடு தினமும் ஒரு மணித்தியாலம் பிரெஞ்சில் மல்லுக்கட்டு. அவரைக் குடை பிடிக்கச் சொல்லிக் கேட்பேன், நோன். சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொல்லிக் கேட்பேன், நோன். நான் தடுமாறி 'நீங்கள் சொல்லுறது சரி' என்று தொடங்கினால் சோக்குக்கட்டி பறந்து வந்து நெற்றியில் படும்.

இரண்டாம் தடவைப் பரீட்சை, பிறந்தநாளுக்கு முன்பு எனக்குக் கிடைத்த கடைசித் தவணை. முதல் நாளே கொழும்புக்குப் போய்த் தங்கினேன். காலையில் ஓட்டோ பிடித்து இடத்தைச் சொன்னேன். பாதி வழியில் ஒரு கட்டிடத்தைக் காட்டி "இதுதானே?" என்றான் சாரதி. பழைய வருத்தம் ஒரு தரம் எட்டிப் பார்த்தது. "ஓம்" என்று சொல்லி இறங்கிவிட்டேன். அது ஒரு கண்ணாடிக் கடை.

ஓடிப் போய்ச் சேர்ந்தபோது இருபது நிமிடம் பிந்திவிட்டது. கேற் பூட்டியிருந்தது. காவலாளி கொழும்புத் தமிழர்.

"டைம் முடிஞ்சிடுச்சு தம்பி. இனி உள்ள விட ஏலாது. போயிட்டு அடுத்த தடவ வாங்க."

"சரி அண்ணை" தொண்டைக்குள் வந்து நின்றது. அதை விழுங்கினேன். வசந்தி நிலத்தில் இருந்து அழுதது கண்ணுக்குள் நின்றது.

"அண்ணை, நான் பிந்தி வந்தது பிழைதான் எண்டாலும், பேச்சுப் பரீட்சைக்கு ஆக்களை ஒவ்வொருத்தராய்த்தானே கூப்பிடுகினம். என்னைக் கடைசியாய்ப் போடலாமோ எண்டு கேக்கிறதுக்காக நீங்கள் ஒருக்கால் உள்ளுக்குப் போகோணும்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல தம்பி."

"உங்களுக்கு இல்லாட்டிலும் உள்ளுக்கை இருக்கிற ஆளுக்கு இருக்கும். அவை மாட்டம் எண்டு சொன்னால் நான் உடனை போயிடுறன். ஆனால் அவையின்ரை வாயாலை சொல்லோணும். அதுவரைக்கும் நான் இந்தக் கேற்றடியிலைதான் நிப்பன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி லோயரா?"

"இல்லை அண்ணை. கோப்பாய்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பத்து நிமிடத்தில் வந்து கேற்றைத் திறந்தார். கடைசி ஆளாகப் போட்டார்கள்.

உள்ளே அதே வெள்ளைக்கார அம்மா. இந்தத் தடவை அவவைச் சமையல் வகுப்பில் சேர்க்க வேண்டும். நேரமில்லை என்றா, நேரமில்லாவிட்டாலும் என்றேன். கை சுடும் என்றா. சுடாமல் இருப்பதற்காக என்றேன். பத்தாவது நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்து, "நேரம் முடிந்துவிட்டது" என்றா. அது நடிப்பா நிசமா என்று தெரியாமல், "நேரம் முடிந்துவிட்டாலும்" என்று அடுத்த வசனத்தைத் தொடங்கினேன். என் கையைப் பிடித்துக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டா.

நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். பாஸ். புள்ளி நிரம்பியது, விசா வந்தது, வசந்தி தாயைக் கண்டாள். மாமி அவளுடைய முகத்தைத் தடவித் தடவிப் பார்த்து, சரியான பெயரையே சொன்னா. ஆனால் நான் இன்று எழுத உட்கார்ந்தது, பெறுபேறு வந்த அன்று பின்னேரம் மாஸ்டரிடம் போனதைச் சொல்லத்தான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். கடிதத்தைக் காட்டினேன். பார்த்தார், மடித்துத் தந்தார். புள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் கேற்றடிக் கதையைச் சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

"அவர் ஏலாது எண்டு சொன்ன உடனை நீ என்ன செய்தனீ?"

"நிண்டனான் மாஸ்டர்."

"போகேல்லை?"

"போகேல்லை."

வாங்கில் இருந்துகொண்டு கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தார். பிறகு, மழை பெய்ததைச் சொல்லுவதுபோலச் சொன்னார்.

"நான் பாரிசுக்குப் போன புதிசிலை அகதிக் கந்தோரிலை என்னை விசாரிச்சவை. கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிசன். 'உங்கடை ஊரிலை இப்ப பிரச்சினை குறைவாமே?' எண்டு கேட்டார். ஓம் எண்டன். 'அப்ப திரும்பிப் போறதிலை பயம் ஒண்டும் இல்லைத்தானே?' எண்டார். ஓம் எண்டன். எழும்பி நிண்டு கும்பிட்டுப்போட்டும் வந்தனான்."

"பிரச்சினை குறைவோ மாஸ்டர் அப்ப?"

"வீட்டிலை செல் குண்டு விழுந்து, என்னைப் பெத்த ஐயா செத்து, ஒரு மாசம்."

நான் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"படிச்ச மனிசனிட்டை எப்பிடித் தம்பி இல்லை எண்டுறது? அப்பீல் பண்ணினன், அதுவும் சரிவரேல்லை. பிறகு இருவது வருசம் விசாப் பேப்பர் இல்லாமல் ஒளிச்சுத் திரிஞ்சு, குசினியிலை நிண்டு நிண்டு பிரெஞ்சு படிச்சன். அந்தப் பெரிய மனிசனை இன்னொருக்கால் கண்டால் என்ன சொல்லோணும் எண்டு வசனம் வசனமாய் எழுதிப் பாத்தனான். எல்லாக் கொழுவியும் போட்டு."

"அண்டைக்குப் பிரெஞ்சு தெரிஞ்சிருந்தால்..." என்று தொடங்கினேன்.

"அண்டைக்குப் பிரெஞ்சிலை ஆர் கேட்டது?" என்றார். "பக்கத்திலை தமிழ்ப் பெடியன் ஒருத்தன் இருந்து மொழிபெயர்த்தவன். தமிழிலைதான் கேட்டவை. தமிழிலைதான் ஓம் எண்டனான்."

மில்லில் யாரோ மிளகாய் கொட்டினார்கள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தும்மினோம். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது வசதியாக இருந்தது.

"சரி, நீ போ" என்றார். "வீட்டை மனிசி பாத்துக்கொண்டிருப்பா."

"நான் கொஞ்ச நேரம் இருக்கிறன் மாஸ்டர்."

"நோன். போ."

நான் போகவில்லை. அவர் மூன்றாம் தரம் சொல்லவும் இல்லை. வாங்கில் கொஞ்சம் தள்ளி இருந்து, எனக்கு இடம் விட்டார்.